அரிவரிப் படப் புத்தகத்தப் பாட்டா வாசிக்கிறது எப்பிடி

போன கிழமை பின்னேரம் என்ர சின்னவள் அரிவரிப் (அ, ஆ எழுத்துப் படிக்கிற) படப் புத்தகத்தில ய பக்கத்தத் திருப்பின உடன "ஆ! ஆனை!" எண்டு கத்தினாள். படத்தில நிக்கிறது ஆனை தான், ஆனா கீழ பெரிசா ய போட்டு யானை எண்டு அடிச்சிருக்கு. அவளுக்கு மூண்டரை வயசு, ய எண்ட எழுத்து இன்னும் தெரியாது, ஆனா அந்தச் சொல்லு ஆவில தொடங்குது எண்டு அவளின்ர காதுக்குத் தெரிஞ்சிருக்கு, ஏனெண்டா எங்கட வீட்டில அம்மம்மா தொடக்கம் எல்லாரும் ஆனை எண்டு தான் சொல்லுறது, வாயால யானை எண்டு சொல்லுற ஆள் ஒருத்தரும் இல்ல. ஒரு சொல்லக் கேட்டு அதின்ர முதல் சத்தத்த மட்டும் பிரிச்சு எடுக்கிறது சின்ன விசயம் இல்ல, வாசிப்புக்கு அத்திவாரமே அது தான். நான் மடியில வச்சுக்கொண்டு "ஓம் குஞ்சு, நாங்கள் ஆனை எண்டுறம், புத்தகம் யானை எண்டுது" எண்டு சொன்னன். அவள் "யா யா யானை" எண்டு மூண்டு நாலு தரம் சொல்லிப் பாத்திட்டுப் பக்கத்தத் திருப்பிட்டாள்.

நான் முன்பள்ளியில படிப்பிக்கத் தொடங்கி 11 வருசம். தாய்மார் வந்து கேக்கிறது எல்லாம் கிட்டத்தட்ட ஒரே கேள்வி தான், "ரீச்சர், வடிவான அரிவரிப் புத்தகம் வாங்கிக் குடுத்தனான், பிள்ளை படத்தப் பாக்குது, எழுத்தத் திரும்பியும் பாக்குதில்ல". அவைக்கு நான் சொல்லுறது, அந்தப் புத்தகம் கண்ணுக்கு வாங்கின சாமான் எண்டு நினைக்காதேங்கோ, அது காதுக்கு. தாளமா, பாட்டா, திரும்பத் திரும்ப வாசிச்சு முதல்ல காதில ஏத்துங்கோ, எழுத்து தன்ர பாட்டில பின்னால வரும்.

விஜயதசமிக்கு ஏடு தொடக்கேக்க என்ன நடக்குது எண்டு யோசிச்சுப் பாருங்கோ. ஐயர் பிள்ளையின்ர விரலப் பிடிச்சு அரிசியில எழுதுவிக்கிறார், அதோட சேத்து வாயாலயும் "ஆனா" எண்டு சொல்லிப் பிள்ளையையும் சொல்லச் சொல்லுறார். பாதிப் பிள்ளையள் அழுதுகொண்டு அம்மாவத் தான் பாப்பினம், அரிசியில எழுதின வடிவத்த ஒரு பிள்ளையும் ஞாபகம் வச்சிருக்காது. ஆனா "ஆனா, ஆவன்னா, ஈனா, ஈயன்னா" எண்ட அந்த இழுவை இருக்கெல்லோ, அது காதில நிண்டிடும். இண்டைக்கு அறுபது வயசில இருக்கிற ஆக்களிட்டயும் கேட்டுப் பாருங்கோ, அரிவரியச் சொல்லச் சொன்னா தலைய ஆட்டிக்கொண்டு அதே இழுவையில தான் சொல்லுவினம்.

எப்பிடியான புத்தகம் வாங்கிறது

கடையில நிண்டு படத்தப் பாத்து வாங்காதேங்கோ, ரெண்டு பக்கத்த வாய்க்குள்ள வாசிச்சுப் பாருங்கோ. கையால துடையில தட்டித் தட்டி வாசியுங்கோ. தட்டு ஒழுங்கா விழுந்தா நல்ல புத்தகம், நாக்கு தடக்குப்பட்டா பிள்ளைக்கும் தடக்குப்படும். பக்கத்துக்கு ஒரு எழுத்து, ஒரு படம், ஒண்டு ரெண்டு வரி, அது போதும். ஒரே பக்கத்தில பன்னிரண்டு எழுத்தும் பன்னிரண்டு குட்டிப் படமும் போட்ட அட்டையள் சுவரில ஒட்ட நல்லம், மடியில வச்சு வாசிக்க உதவாது.

இன்னொண்டு நான் கட்டாயம் பாக்கிறது, பாட்டு எங்க ஒத்து வருது எண்டு. இங்கிலிசில பிள்ளையளின்ர பாட்டுகள் வரியின்ர முடிவில ஒத்து வாறது. அதப் பாத்துத் தமிழில எழுதிறவை கனபேர் கடைசிச் சொல்ல மட்டும் ஒத்துப்போக வச்சிட்டு நிப்பாட்டிடுவினம், ஓடுது, பாடுது, ஆடுது, தேடுது எண்டு. தமிழில வினைச்சொல்லு எப்பிடியும் கடைசியில தானே வரும், அது கனதரம் "து" எண்டு தானே முடியும், அதால காதுக்கு அதில புதுசா ஒண்டும் கிடைக்கிறேல்ல. தமிழ்க் காது பிடிக்கிறது வரியின்ர தலையில. முதல் எழுத்து ஒத்து வந்தா மோனை, ரெண்டாம் எழுத்து ஒத்து வந்தா எதுகை. பள்ளிக்கூடத்தில இலக்கணப் பாடமாப் படிச்சிட்டு மறந்திருப்பம், ஆனா அரிவரிப் புத்தகத்துக்கு இதவிடப் பொருத்தமான ஒண்டு இல்ல, ஏனெண்டா அ பக்கத்தில அகப்பையும் அம்மம்மாவும் அரிசியும் வரிசையா வந்தா அது மோனை தானே, பாட்டும் ஆச்சு எழுத்தும் ஆச்சு.

பிறகு சொற்கள். தமிழ்நாட்டில அடிச்ச புத்தகங்கள் தான் இஞ்ச கனக்கக் கிடைக்குது, வடிவான புத்தகங்கள், நானும் வாங்கிறனான், ஆனா சில சொல்லு எங்கட பிள்ளையளுக்குப் பொருந்தாது. எ எலுமிச்சை எண்டு படம் இருக்கும், எங்கட பிள்ளை பாத்திட்டு தேசிக்காய் எண்டு சொல்லும், சரியாத் தானே சொல்லுது. மு முறம் எண்டிருக்கும், பிள்ளைக்கு அது சுளகு. ஒ எண்டா எப்பவும் ஒட்டகம், யாழ்ப்பாணத்தில எந்தப் பிள்ளை ஒட்டகத்தக் கண்டது? ஒடியல் (காயவச்ச பனங்கிழங்கு) வீட்டில டப்பாவுக்குள்ள இருக்கு, அதக் கையில எடுத்து மணந்து பாத்து ஒ எண்டு சொல்லலாம். அப்பிடிப் பொருந்தாத பக்கம் வந்தா புத்தகத்த ஒதுக்க வேண்டாம், ஒரு சின்னக் கடுதாசியில வேற படம் கீறி அந்தப் பக்கத்தில ஒட்டி விடுங்கோ. ஒட்டகத்த மறைக்கக் கூடாது, ஒட்டகமும் இருக்கட்டும், பக்கத்தில ஒடியலும் இருக்கட்டும்.

ஐ பக்கத்துக்கு ஐஸ்கிறீம் போட்டா சிலபேர் கோவிப்பினம், அது தமிழ்ச் சொல்லோ எண்டு. நல்லூர்த் திருவிழா 25 நாளும் ஐஸ்கிறீம் கேட்டு அழுத பிள்ளைக்கு ஐ எண்ட சத்தத்த அதவிட வடிவா எது பிடிச்சுக் குடுக்கும்? நான் போடுறனான். ஐஞ்சும் பக்கத்தில போடுறனான்.

அம்மம்மாவின்ர அலுமாரியில பழைய பாலர் புத்தகம் கிடந்தா எடுத்துத் தூசி தட்டிப் பாவியுங்கோ, அதில இருக்கிற சொல்லெல்லாம் எங்கட சொல்லு. ஒரு விசயம் மட்டும் பாக்க வேணும். 1978இல தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டு வந்தது, அது மெல்ல மெல்ல இஞ்சையும் வந்திட்டுது, அதுக்கு முந்தி அடிச்ச புத்தகங்களில லை, னை, ணை எல்லாம் முன்னுக்கு ஆனைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவோட நிக்கும், றா, னா, ணாவும் வேற மாதிரி. பாட்டா வாசிக்க அது ஒரு தடையும் இல்ல, நீங்கள் விரல் வைச்சு எழுத்துக் காட்டிற கட்டம் வந்தா மட்டும் புதுப் புத்தகத்துக்கு மாறுங்கோ. வீட்டில அப்பிடி ஒண்டும் இல்லாட்டி நூலகம் இணையத்தளத்தில ஈழத்துப் பழைய புத்தகங்கள் ஸ்கான் பண்ணிச் சும்மா வாசிக்க விட்டிருக்கினம், அதிலயும் தேடிப் பாக்கலாம்.

வாசிக்கேக்க

நேரம் எண்டு பாத்தா பத்து நிமிசம் போதும். விளக்கு வச்சுச் சாப்பாடு முடிஞ்சு நித்திரைக்குப் போக முதல் எனக்குச் சரிவருது, உங்களுக்குக் காலமை சரிவந்தா காலமை. ஒவ்வொரு நாளும் ஒரே நேரம் எண்டது தான் முக்கியம், பிள்ளை தானாப் புத்தகத்தத் தூக்கிக்கொண்டு வரும். ரிவிய நிப்பாட்டிப் போடுங்கோ. பிள்ளைய மடியில முன்பக்கம் பாக்க இருத்தி, புத்தகத்த ரெண்டு பேருக்கும் முன்னால பிடிச்சா, உங்கட நெஞ்சில இருந்து வாற சத்தம் பிள்ளையின்ர முதுகில அதிரும், தாளம் அதால போய்ச் சேருது எண்டு நான் நம்புறன். ரெண்டு பிள்ளையெண்டா ரெண்டு பக்கமும், நடுவில புத்தகம், பக்கம் திருப்புற வேலை ஒரு நாள் மூத்ததுக்கு ஒரு நாள் இளையதுக்கு.

முதல் தரம் ஒரு கேள்வியும் கேக்காமல் தொடக்கத்தில இருந்து முடிவு மட்டும் பாட்டாப் பாடிக்கொண்டு போங்கோ. இது என்ன எழுத்து, அது என்ன படம், ஒண்டும் கேக்க வேண்டாம். நான் என்ர மூத்தவனோட இதில பிழை விட்டனான். அவனுக்கு மூண்டு வயசு, பக்கத்துக்குப் பக்கம் "இது என்ன, சொல்லு பாப்பம்" எண்டு கேட்டுக் கேட்டு, ஒரு நாள் நான் புத்தகத்த எடுக்கக் கையால தட்டிவிட்டிட்டுப் போய்க் கட்டிலுக்குக் கீழ இருந்திட்டான். அதுக்குப் பிறகு ஒரு மாதம் புத்தகம் எண்ட கதையே எடுக்கேல்ல, சும்மா சமைச்சுக்கொண்டு வாயால பாட்டு மட்டும் பாடினன், அவன் கதவடியில வந்து நிண்டு கேட்டான், பேந்து தான் தானாப் புத்தகத்த எடுத்துக்கொண்டு வந்தவன்.

மூண்டாம் நாலாம் தரம் வாசிக்கேக்க வரியின்ர கடைசிச் சொல்லுக்கு முதல் நிப்பாட்டுங்கோ. மூச்சப் பிடிச்சு, கண்ண விரிச்சு, பிள்ளையப் பாருங்கோ. அது சொல்லும். சொல்லாட்டி ரெண்டு செக்கன் பாத்து நீங்களே சொல்லிப்போட்டு அடுத்ததுக்குப் போங்கோ, முகத்தில ஒண்டும் காட்ட வேண்டாம். ஒரு கிழமைக்குள்ள அது முழு வரியையும் சொல்லும், பிழையாயும் சொல்லும், தாளம் பிழைக்காட்டி விடுங்கோ, சொல்லு பேந்து சரிவரும். திரும்பத் திரும்ப அதே புத்தகத்தக் கேட்டா அலுக்காமல் வாசியுங்கோ, நாப்பதாம் தரம் உங்களுக்குத் தான் அலுப்பு, பிள்ளைக்கு அது இன்னும் இனிக்குது.

கைதட்டு இதில பெரிய உதவி. இலக்கணத்தில ஒரு மாத்திரை எண்டது கண்ண ஒருக்கா இமைக்கிற நேரம், இல்லாட்டி விரல ஒருக்காச் சொடுக்கிற நேரம். குறிலுக்கு 1 மாத்திரை, நெடிலுக்கு 2, மெய்க்கு அரை. பிள்ளைக்கு மாத்திரை எண்டு சொல்லத் தேவையில்ல, அ எண்டா ஒரு தட்டு, ஆ எண்டா தட்டிப்போட்டுக் கைய அப்பிடியே அகலமா விரிச்சு இழுக்கிறது, அவ்வளவு தான். அ தட்டு, ஆ இழு. இ தட்டு, ஈ இழு. அஞ்சு குறிலும் அதுகளின்ர நெடிலும் இப்பிடிச் சோடி சோடியாப் போகும், ஐயும் ஔவும் மட்டும் சோடியில்லாத நெடில், அதுக்குப் பிள்ளைய ஒருக்காச் சுத்தி வரச் சொல்லுங்கோ, எங்கட முன்பள்ளியில அந்த ரெண்டு எழுத்துக்காகவே காத்துக்கொண்டு நிப்பினம். தரம் 1இல வந்து படத்துக்கும் பாடத்துக்கும் காலுக்கும் கல்லுக்கும் வித்தியாசம் தெரியாமல் எழுதிற பிள்ளையள் இருக்கினம், கையில குறில் நெடில் பழகின பிள்ளை அந்தப் பிழை விடுறது குறைவு, நான் கண்டிருக்கிறன்.

எழுத்துத் தமிழா அடிச்சிருக்கிற வரிய எப்பிடி வாசிக்கிறது எண்டும் கேப்பினம். புத்தகத்தில "பூனை பால் குடிக்கிறது" எண்டிருந்தா அப்பிடியே வாசியுங்கோ, தாளம் அதில தான் இருக்கு, உடைக்க வேண்டாம். வாசிச்சு முடிய "பூனை பால் குடிக்குதாம், பாருங்கோ" எண்டு எங்கட கதையில ஒருக்காச் சொல்லி விடுங்கோ. ரெண்டும் காதில விழ வேணும். புத்தகத் தமிழ் முதல் முதல் பள்ளிக்கூடத்தில தான் காதில விழுந்தா பிள்ளைக்கு அது வேற பாஷை மாதிரி இருக்கும்.

ஒன்றரை வயசுக் குழந்தை புத்தகத்தக் கடிக்கும், கடிக்கட்டும், மட்டைப் புத்தகமாக் குடுங்கோ. நாலரை வயசு தாண்டின பிறகு, பாட்டு மனப்பாடமான பக்கத்தில மட்டும், சொல்லுக்குக் கீழ விரல மெல்ல இழுத்துக்கொண்டு பாடுங்கோ. கொம்பு வாற எழுத்துகளுக்கு அவசரப்படாதேங்கோ, கொ எழுதேக்க கொம்பு முன்னால நிக்குது சத்தம் பின்னால வருது, அரவு (ா) வேற பக்கத்தில நிக்குது, பெரிய ஆக்களுக்கே யோசிச்சா மண்டை சுத்தும். மொத்தம் 247 எழுத்து, அதில 216 உயிர்மெய், அதெல்லாம் பள்ளிக்கூடத்தில வடிவாப் படிப்பிப்பினம். வீட்டில பன்னிரண்டு உயிரும் ஆய்தமும் பதினெட்டு மெய்யும் பாட்டாக் காதில இருந்தா காணும்.

சொல்லின்ர முதல்ல வராத எழுத்துகள்

இது தான் அரிவரிப் புத்தகம் செய்யிற ஆக்கள் எல்லாரும் முட்டுப்படுற இடம். ண, ழ, ள, ற, ன இந்த அஞ்சிலயும் தமிழில ஒரு சொல்லும் தொடங்காது. ங பேச்சே இல்ல. ஔவையார் ஆத்திசூடிய எழுத்து வரிசையில பாடிக்கொண்டு வந்து ங வரேக்க "ஙப் போல் வளை" எண்டு அந்த எழுத்தின்ர வளைவையே படமாக்கிட்டா, எனக்கு அத நினைக்க நினைக்க ஆச்சரியம். எங்களுக்கு அந்தக் கெட்டித்தனம் இல்லாட்டியும் வேற வழி இருக்கு. சில புத்தகங்களில ழ போட்டுப் பழம் எண்டு ஒரு படத்தப் போட்டு விட்டிடுவினம், பிள்ளை பழத்தப் பாத்து ப எண்டு தான் சொல்லும். அதுக்குத் தான் எதுகை. முதல் எழுத்தா வர ஏலாத எழுத்து ரெண்டாம் எழுத்தா வரும் தானே, ரெண்டு வரியிலயும் ரெண்டாம் எழுத்தா அத வச்சா காது தானாப் பிடிச்சிடும். நான் முன்பள்ளிக்கு எழுதி வச்சிருக்கிறது இது:

வாழை மரத்தின் கீழ ஒரு
கோழி குஞ்சைக் கூப்பிடுது

கறுத்தக் கொழும்பான் மாம்பழம்
நறுக்கித் தந்தா அப்பம்மா

சுளகு எடுத்துப் புடைக்கிறா
இளநி வெட்டிக் குடிக்கிறா

பனங்காய் விழுந்தது தொப்பெண்டு
எனக்கும் எண்டான் தம்பிப் பிள்ளை

நண்டு ஒண்டு ஏறுதாம்
வண்டில் ஓடப் போகுதாம்

சங்கு ஊதுது பூம் பூம்
நுங்கு தின்னுறம் ஞம் ஞம்

கடைசிப் பாட்டில ங்கும் ஞவும் ஒண்டாய் வந்திட்டுது பாருங்கோ, பிள்ளையள் அந்த ஞம் ஞம் எண்ட இடத்துக்கு வர முதலே வாய அசைக்கத் தொடங்கிடுவினம். ழ பக்கத்த வாசிக்கேக்க கொஞ்சம் கவனம் எடுங்கோ. எங்கட பேச்சில ழவும் ளவும் ஒண்டாக் கலந்து போச்சு, வாளைப்பளம் எண்டு தான் வாயில வருது. பாட்டு வாசிக்கேக்க மட்டுமாவது நாக்க மேல வளைச்சு, எங்கயும் தொடாமல், வா-ழை, கோ-ழி எண்டு மெல்லச் சொல்லிக் காட்டுங்கோ, பிள்ளைய உங்கட வாயப் பாக்க விடுங்கோ. திருத்த வேண்டாம், காட்டினாக் காணும்.

ஔ பக்கத்தில இன்னொரு சிக்கல், அந்த எழுத்துக்குள்ள ஒரு குட்டி ள நிக்கிறதால எழுத்துத் தெரியத் தொடங்கின பிள்ளை அத ஒ, ள எண்டு பிரிச்சு வாசிக்கும். தடியூண்டின ஔவையார் படத்தோட சேத்து ஒரே எழுத்து எண்டு விரலால சுத்தி வட்டம் போட்டுக் காட்டுங்கோ. ஃ க்கு மூண்டு கல்லு வச்ச அடுப்பு, அவ்வளவு தான், அதவிட நல்ல படம் இல்ல.

நீங்களே ஒரு புத்தகம் செய்யிறது

கடைப் புத்தகம் எவ்வளவு நல்லா இருந்தாலும் வீட்டில செய்த ஒண்டு வேணும். பெரிய செலவில்ல. பிஸ்கட் பெட்டி மட்டைய ஒரே அளவா வெட்டி எடுங்கோ, பழைய கலண்டர் தாளின்ர வெள்ளைப் பக்கத்த மேல ஒட்டுங்கோ, ஓட்டை போட்டு நூல் கோத்துக் கட்டுங்கோ, உயிரும் ஆய்தமும் சேத்துப் பதின்மூண்டு பக்கம், முன் மட்டை ஒண்டு. எழுத்து உள்ளங்கை அளவு பெரிசா, கறுப்பில. படம் கீறத் தெரியாட்டி போனில போட்டோ எடுத்துப் பிறின்ற் பண்ணி ஒட்டுங்கோ, வீட்டு அகப்பை, வீட்டு ஆட்டுக்குட்டி, முத்தத்து ஊஞ்சல். தன்ர வீட்டுச் சாமானப் புத்தகத்தில கண்ட பிள்ளையின்ர முகத்த நீங்கள் பாக்க வேணும்.

வரி எழுதப் பயப்பட வேண்டாம். வரிக்கு நாலு தட்டு எண்டு வச்சுக்கொள்ளுங்கோ. முதல்ல அந்த எழுத்தில தொடங்கிற வீட்டுச் சொல்லுகள ஒரு கடுதாசியில எழுதுங்கோ, அகப்பை, அம்மம்மா, அரிசி, அம்மி, அள்ளு. நான் முதல் எழுதினது "அம்மம்மா பெரிய அகப்பையால் கஞ்சியை எடுத்துக் கொடுத்தார்" எண்டு, தட்டிப் பாத்தன், தட்டு எங்கயும் நிக்கேல்ல, அது கதை, பாட்டில்ல. பெரியவும் வேண்டாம் கொடுத்தாரும் வேண்டாம் எண்டு வெட்டி வெட்டிக் கடைசியில வந்தது:

அகப்பை எடுத்தா அம்மம்மா
அரிசிக் கஞ்சி அள்ளித் தந்தா

பேந்து மற்றதெல்லாம் கெதியா வந்திட்டுது:

ஆட்டுக் குட்டி ஆடி வந்து
ஆலங் குழைய ஆவெண்டு தின்னுது

ஊஞ்சல் ஆடுது ஊ ஊ ஊ
ஊசிக் காத்து ஊ ஊ ஊ

ஐயா வாங்கின ஐஸ்கிறீம்
ஐஞ்சு நிமிசத்தில் உருகிப் போச்சு

ஒடியல் கூழு ஒரு பிளா
ஒண்டாக் குந்தி ஊதிக் குடி

பிளா எண்டா என்ன எண்டு பிள்ளை கேக்கும், பனை ஓலையில ஒண்டு கோலிக் காட்டுங்கோ, உங்களுக்குத் தெரியாட்டி அப்பப்பாவக் கேளுங்கோ. மெட்டு வேணுமெண்டா உங்கட வாயில ஏற்கனவே இருக்கு. நவாலியூர் சோமசுந்தரப் புலவரின்ர ஆடிப்பிறப்புப் பாட்டுத் தெரியாத அம்மம்மா இஞ்ச இல்ல, 1953இல காலமான மனுசன், ஆடிக்கூழ் காய்ச்சிற நாளெல்லாம் அவரின்ர பாட்டு வாயில வருது, அந்தத் தட்ட வாயில வச்சுக்கொண்டு உங்கட வரிய எழுதிப் பாருங்கோ.

பிள்ளையின்ர பேருக்கு ஒரு பக்கம் கட்டாயம் வையுங்கோ. இப்ப கனபேரின்ர பேர் ஜவிலயும் ஷவிலயும் தொடங்குது, கடை அரிவரிப் புத்தகத்தில அந்த எழுத்து இராது. போன வருசம் ஒரு பெடியன் புத்தகத்தக் கடைசி மட்டும் திருப்பித் திருப்பித் தேடிப்போட்டு "ரீச்சர், நான் இல்ல" எண்டான். அண்டைக்குப் பின்னேரமே இருந்து ஜ பக்கம் ஒண்டு செய்து அவனின்ர படத்தோட பின்னுக்கு ஒட்டினன், அடுத்த நாள் அவன் அந்தப் பக்கத்த ஒருத்தரையும் திருப்ப விடேல்ல.

கனக்கப் பிள்ளையளுக்கும், தூரத்தில இருக்கிற பிள்ளைக்கும்

வாசிகசாலையிலயோ முன்பள்ளியிலயோ பதினைஞ்சு இருவது பிள்ளையளுக்கு வாசிக்கிறதெண்டா பாய விரிச்சு அரைவட்டமா இருத்துங்கோ, நீங்களும் கீழ இருங்கோ, கதிரையில இருந்தா புத்தகம் அவையின்ர தலைக்கு மேல போயிடும். புத்தகத்த முகத்துக்குப் பக்கத்தில, கன்னத்தோட பிடியுங்கோ, வாயும் தெரிய வேணும் படமும் தெரிய வேணும். ஒரு வரி நீங்கள், ஒரு வரி அவை. சத்தம் கூடினா நீங்கள் மெல்லமாப் பாடுங்கோ, அவையும் குறைப்பினம்.

கனடாவிலயும் லண்டனிலயும் பேரப்பிள்ளை இருக்கிற அம்மம்மாமார் கனபேர் என்னட்டக் கேட்டவை, வீடியோ கோலில வாசிக்கலாமோ எண்டு. வடிவா வாசிக்கலாம். ஒரே புத்தகத்தில ரெண்டு வாங்கி ஒண்ட அங்க அனுப்புங்கோ, பிள்ளை தன்ர புத்தகத்தில பக்கம் திருப்ப வேணும், உங்கட புத்தகத்த எட்டிப் பாத்துக்கொண்டு இருந்தா ரெண்டு நிமிசத்தில ஓடிடும். கோலில சத்தம் கொஞ்சம் பிந்தித் தான் போய்ச் சேரும், அதால ரெண்டு பேரும் ஒண்டாச் சேந்து பாட வெளிக்கிட்டா தாளம் குழம்பும், பிள்ளைக்குக் கோவமும் வரும். நீங்கள் ஒரு வரி முழுக்கப் பாடி முடிச்சு நிப்பாட்டுங்கோ, பேந்து பிள்ளை பாடட்டும். உங்கட திரையில எழுத்து இடம் வலம் மாறித் தெரிஞ்சா யோசிக்க வேண்டாம், அங்கால சரியாத் தான் தெரியும். இஞ்ச பின்னேரம் ஆறரை எண்டா ரொறன்ரோவில காலமை ஒம்பது, குளிர்காலத்தில எட்டு, பால் குடிச்சுப்போட்டு இருக்கிற நேரம், சனி ஞாயிறு அது நல்ல நேரம்.

புத்தகம் கிழியும். கிழிஞ்ச உடன பிள்ளையப் பேசாமல், பிள்ளையையும் பக்கத்தில இருத்திக்கொண்டு அகலமான செலோரேப்பால ரெண்டு பக்கமும் ஒட்டுங்கோ, ஒட்டேக்க அந்தப் பக்கத்தின்ர பாட்டப் பாடுங்கோ. நூல் அறுந்தா புது நூல் கோக்கலாம், மூலை பிஞ்சா மட்டைத் துண்டு வைக்கலாம். எங்கட வீட்டு ஆ பக்கம் மூண்டு தரம் ஒட்டினது, ஆட்டுக்குட்டிக்கு இப்ப ஒரு காது தான் இருக்கு, சின்னவள் அந்த இடத்தில விரல வச்சு "ஆவெண்டு தின்னுது" எண்டு பாடிப்போட்டுத் தான் அடுத்த பக்கத்துக்குப் போவாள்.